டான் வீட்டு வாசலில் சிவப்புக் கஞ்சி

கூ யங்-மோ என்ற அந்த மனிதர் டான் குலத்தாரின் முன்னோர் கோயிலுக்குள் முதல்முறை நுழைந்தபோதே நிலைப்படியை மிதித்துக்கொண்டுதான் நுழைந்தார். டான் மூன்-கி அதைப் பார்த்தார். நிலைப்படியைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும் என்பது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. வளர்ந்த வீட்டைப் பொறுத்து வருவது. அந்த ஆளைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள அவருக்கு எதுவும் மிச்சமில்லை. இருந்தாலும் முதுகு வளையாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். குலத்தின் மூத்த வீட்டுக்காரர் எழுந்து போனால் அது விருந்தாளிக்கு அவமானம் அல்ல, வீட்டுக்கு அவமானம். தவிர, விருந்தாளியை அழைத்து வந்தவன் அவருடைய சித்தப்பா மகன் தோங்-கி.

கூ, கொரியாவின் இஞ்சோன் நகரத்தில் 'ஆதி ஒளிச் சபை' என்று ஒன்றை நடத்தி வந்தார். அதற்கு முன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். தொழில் மாறினாலும் பேச்சு மாறவில்லை. முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர் அசுத்தம் என்று பயமுறுத்துவது, பிறகு சுத்தம் தன் கையில் இருக்கிறது என்று சொல்வது. இப்போது தண்ணீருக்குப் பதில் ரத்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் சொன்ன கதை இது. கடவுள் மனிதனை இரண்டு தடவை படைத்தார். முதல் தடவை ஒளியால். இரண்டாம் தடவை, வேலை முடிந்து கை கழுவியபோது வழிந்த சேற்றால். ஒளியால் வந்தவர்கள் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஒன்றான தாண் கோத்திரத்தார்; கொரிய பைபிளில் அந்தப் பெயர் 'டான்'. பைபிளின் கடைசிப் புத்தகத்தில் கோத்திரங்களை எண்ணும்போது அந்த ஒரு பெயரைக் காணோம். ஏன் காணோம்? அவர்கள் அதற்கு முன்பே கிழக்கே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பாலைவனம் கடந்து, பெக்து மலையில் ஏறி, அங்கே டான்-குன் என்ற பெயரில் கொரியாவின் முதல் அரசை நிறுவினார்கள். கொரியர் எல்லாரிடமும் அந்த ஒளி கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஜப்பானியர், சீனர், தெற்கத்தியர் எல்லாம் கழுவிய சேறு. ஆனால் மூவாயிரம் வருடமாக அந்தப் பெயரையே குலப்பெயராக வைத்திருப்பவர்கள் யார்?

இந்த இடத்தில் கூ இரண்டு கைகளையும் விரித்துக் கூடத்தைப் பார்த்தார். கூடத்தில் டான் குலத்து முப்பது குடும்பத்து ஆண்கள் இருந்தார்கள், பெண்கள் வாசலுக்கு வெளியே முற்றத்தில். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "டான்னு ஒரு குலப்பெயர் இருக்கா?" என்று கேட்கப்பட்டே பழகிய கூட்டம். கிம், லீ, பார்க் என்று பெயர் சொல்லத் தெருவெல்லாம் ஆள் இருக்கும் நாட்டில், டான் என்றால் எழுத்துப் பிழையோ என்று பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் வந்து ஒருவன், நீங்கள்தான் உலகத்தின் முதல் பிள்ளைகள் என்கிறான். ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். தோங்-கி அழுதான். எழுபது வயதில், எல்லார் முன்னாலும், மூக்கைச் சிந்திக்கொண்டு.

மூன்-கி அன்று ஒரே ஒரு திருத்தம் சொன்னார். டான்-குன்னில் இருக்கிற சீன எழுத்து ஒரு மரத்தின் பெயர். இந்தக் குலத்தின் எழுத்துக்குப் பொருள் 'ஒற்றை'. ஒலி ஒன்று, எழுத்து வேறு. குலத்தின் முதல்வர் தெற்கே ஏதோ ஒரு நாட்டிலிருந்து, கப்பல் உடைந்து, கடலில் ஒற்றை ஆளாக மிதந்து வந்து கரையேறியவர். எந்த நாடு என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. கோரியோ காலத்து அரசர் அவருக்கு நிலம் கொடுத்து 'ஒற்றை' என்று குலப்பெயர் சூட்டினார். இலையுதிர் காலத்தில் அவருடைய கல்லறை மேட்டின் முன் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் உரக்க வாசிக்கிறோம் என்றார்.

கூ சிரித்தார். ஒலி என்பது ஆவி, எழுத்து வெறும் உடம்பு என்றார். கடல் வழியாக வந்தார் என்றால் இன்னும் நல்லது, இஸ்ரவேலரின் கானான் தேசத்துக்கும் கடல் உண்டே என்றார். அந்தப் பதிலைக் கேட்டுக் கூட்டம் தலையாட்டியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், இரண்டு பேர் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர்கள், தலையாட்டினார்கள்.

பிறகு கூ தன் பெரிய ஆதாரத்தை எடுத்து வைத்தார். வருடத்தின் மிக நீண்ட இரவு வரும் தோங்ஜி நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சிவப்புப் பயறு வேகவைத்துக் கஞ்சி காய்ச்சி, பைன் கிளையில் தொட்டு வாசல் கால்களில் பூசுகிறீர்கள். எதற்கு என்று கேட்டால் பேய் வராமலிருக்க என்பீர்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் ஒரு ராத்திரி ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை வாசல் கால்களில் பூசினார்கள், மரணம் அந்த வீடுகளைத் தாண்டிப் போயிற்று. அதே சிவப்பு, அதே வாசல். மறந்துபோன ரத்தத்தின் ஞாபகம்தான் உங்கள் கஞ்சி.

அதைக் கேட்டபோது பெண்களில் சிலர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாடு முழுவதும் கிம், லீ, பார்க் வீட்டாரும் அதே கஞ்சியைத்தான் அதே வாசலில் பூசுகிறார்கள் என்பது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

இதோடு போயிருந்தால் மூன்-கி சும்மா இருந்திருப்பார். பைத்தியக்காரத்தனத்துக்கு அவர் வீட்டுக் கதவு எப்போதும் மூடியே இருக்கும். தட்டி ஓய்ந்து போகும். ஆனால் பத்து நாள் கழித்துத் தோங்-கி ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்தான். பேரிக்காய்கள் மிகப் பெரியவை. அவன் சொல்ல வந்தது நல்லதல்ல என்று அதிலேயே தெரிந்தது.

சுற்றி வளைத்துச் சொன்னான். தோங்ஜி அன்று முன்னோர் கோயில் வாசலில் குலம் முழுவதும் ஒளி உறுதிமொழி எடுக்கப் போகிறது. வசந்தத்தில் வம்சப் புத்தகத்தின் புதுப் பதிப்பு அச்சுக்குப் போகிறதல்லவா, அதன் முதல் பக்கத்தில் தாண் கோத்திரக் கதை வரும். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி. பேரனுடைய பெயர்.

மூன்-கியின் மகன் ஜின்-உவுக்குக் கலியாணம் தாமதமாகத்தான் நடந்தது. பெண் வியட்நாம்காரி, துயென். மூன்-கிக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. கலியாணப் படங்களில் எதிலும் அவர் சிரிக்கவில்லை. ஆனால் வந்த இரண்டாம் வருடத்திலேயே அவள் மாமியாரிடமிருந்து முன்னோர் படையலின் வரிசை முழுவதையும் கற்றுக்கொண்டாள். மாமியார் போனபின் அவருக்கான படையலையும் அவளே வைத்தாள். இப்போது நூறு நாள் ஆகப்போகும் ஒரு ஆண் குழந்தை. மூத்த வீட்டின் மூத்த பேரன். முறைப்படி அவன் தலைமுறைக்கு வர வேண்டிய எழுத்து 'ஹே', கடல் என்று பொருள். தலைமுறைக்கு ஒரு எழுத்து. மூன்-கிக்கும் தோங்-கிக்கும் 'கி' போல, இவன் தலைமுறையில் பிறந்த எல்லாப் பையன் பெயரிலும் 'ஹே' இருக்கும். அந்த எழுத்து இருந்தால்தான் அவன் வரிசையில் நிற்க முடியும். ஒருநாள் முன்னோர் படையலில் முதல் கோப்பையை ஊற்ற முடியும்.

"பேர் வைங்க அண்ணே, யாரு வேண்டாங்கறா" என்றான் தோங்-கி. "எந்த பேர் வேணா வைங்க. 'ஹே' மட்டும் வேண்டாம். புள்ளைய கடைசிப் பக்கத்துல தனியா எழுதிக்கலாம்னு கூ ஆசான் சொல்றார்."

"என் பேரன எந்தப் பக்கத்துல எழுதறதுன்னு தண்ணி மெசின்காரன் சொல்றானா?"

"கலந்துபோச்சுல்ல அண்ணே. நீங்களே அன்னிக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்னு…"

"நான் சொல்லலாம். நீ சொல்லக் கூடாது."

மூத்த வரிசை அறுந்தால் அடுத்தது தோங்-கியின் பேரன். அதைத் தோங்-கி சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் பேரிக்காய் சொல்லியது. தன் வீட்டு மருமகளைப் பார்த்துத் தான் முகம் சுளிக்கலாம், அது வீட்டுக்குள் இருக்கும். வெளியில் ஒருவன் சுளித்தால் அது தன் முகத்தில் துப்பியது போல என்று மூன்-கி நினைத்தார். உறுதிமொழி எந்தத் தேதி என்று மறுபடி கேட்டார். தோங்ஜி அன்றே என்றான் தோங்-கி. கஞ்சி காய்ச்சச் சபைப் பெண்கள் இஞ்சோனிலிருந்து அண்டாவோடு வருகிறார்கள், நம் வீட்டுப் பெண்களுக்குச் சிரமமில்லை என்றான்.

அவன் போனபின் மூன்-கி சுவரில் தொங்கிய நாட்காட்டியில் நிலவுக் கணக்குத் தேதியைப் பார்த்தார். படையல்களெல்லாம் அந்தக் கணக்கில்தான் வருவதால் அது அவர் கண்ணில் படாமலிருக்காது. இந்த வருடம் தோங்ஜி, பதினோராம் மாதத்தின் முதல் பத்து நாளுக்குள்ளேயே விழுந்திருந்தது. அப்படி விழுந்தால் அதற்குப் பெயர் குழந்தைத் தோங்ஜி. அன்று சிவப்புக் கஞ்சி கூடாது. கஞ்சி பேயை விரட்டும்போது, குழந்தைகளைக் காக்கும் சம்சின் தெய்வத்தையும் சேர்த்து விரட்டிவிடும். வீட்டிலிருக்கும் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. அன்று பயறு தூவிய அரிசிப் பிட்டுதான் அவிக்க வேண்டும். கஞ்சிக்குப் பூர்வ கதை சொல்லத் தெரிந்தவருக்குக் கஞ்சி எப்போது காய்ச்சக் கூடாது என்று தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். சிரமம் கொடுக்க வேண்டாம் என்று கேட்கவில்லை.

மூன்-கி பேரிக்காய்ப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

அன்று காலையில் துயென் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் முதுகில் துணியால் கட்டியிருந்தது. மாமனார் அடுப்படி வாசலில் வந்து நின்றது அவளுக்கே ஆச்சரியம்.

"அங்க கஞ்சி காய்ச்சறாங்களாம் மாமா" என்றாள். "இன்னிக்குப் போய். புள்ளைய எடுத்துட்டு நான் வரணுமா?"

"வரணும். முன் வரிசையில உக்காரு. நான் இருக்கேன், ஒண்ணும் பூச விட மாட்டேன்."

அவள் ஆவி பறக்கிற தட்டை இறக்கி வைத்தாள். "கை கழுவின மண்ணுலதான் என்னைச் செஞ்சாங்களாமே. தோங்-கி மாமா வீட்ல பேசிக்கிட்டாங்க."

மூன்-கி பிட்டுத் தட்டைப் பார்த்தார்.

"எங்க ஊர் மண்ணு நல்ல மண்ணு மாமா" என்றாள் அவள், பிட்டைத் துண்டு போட்டுக்கொண்டே. "வருஷத்துக்கு மூணு போகம் விளையும். இங்க ஒரு போகத்துக்கே நீங்க நாலு மாசம் புலம்பறீங்க."

அவர் திரும்பிப் போய்விட்டார். சிரிப்பு வந்ததை அவள் பார்த்திருக்க மாட்டாள் என்று நம்பினார்.

கோயில் முற்றத்தில் சபைக்காரர்கள் வெள்ளை அங்கி போட்டு வரிசையாக நின்றார்கள். குளிருக்கு அங்கிக்குள் தடித்த கோட்டு. அதனால் தேவதூதர்கள் எல்லாரும் மெத்தையைச் சுற்றிக்கொண்டது போலத் தெரிந்தார்கள். அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவன் எல்லாவற்றையும் படம் பிடித்தான். டான் குலத்துப் பெண்கள் பின்னால், முற்றத்தின் ஓரத்தில், அண்டாவைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். தோங்-கியின் மனைவி தன் மகளின் கைக்குழந்தையைக் கோட்டுக்குள் வைத்து மூடியிருந்தாள்.

கூ மறுபடி சேற்றையும் ஒளியையும் சொன்னார். இந்தத் தடவை படம் பிடிப்பதால் நீட்டிச் சொன்னார். முடிவில், ஒளியின் மூத்த வீடு முதல் ரத்தத்தைப் பூசட்டும் என்று ஒரு பைன் கிளையை மூன்-கியிடம் நீட்டினார். மூத்தவர் கையால் பூசிவிட்டால் அப்புறம் மறுக்க வாயில்லை என்பது திட்டம்.

மூன்-கி எழுந்தார். கிளையை வாங்கிக்கொண்டார். கஞ்சியில் தொடவில்லை.

"ஒரு சந்தேகம் ஐயா. எகிப்துல அந்த ரத்தத்த எதுக்குப் பூசினாங்க?"

கூவின் முகம் மலர்ந்தது. படம் பிடிப்பவன் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொண்டார். மரண தூதன் வீட்டுக்கு வீடு தலைப்பிள்ளையைக் கொல்ல வந்தான். பூசிய வீட்டில் பிள்ளை பிழைத்தது, பூசாத எகிப்தியன் வீட்டிலெல்லாம் பிள்ளை செத்தது என்றார்.

"பூசினா பிள்ளை பிழைக்கும்."

"ஆமா."

"நல்லது. இன்னிக்குத் தேதி என்ன?"

"டிசம்பர் இருபத்திரண்டு."

"அது பேங்க் தேதி. நிலவுக் கணக்குல கேட்டேன்."

கூ தோங்-கியைப் பார்த்தார். தோங்-கி தன் செருப்பைப் பார்த்தான். அப்போது பின்னாலிருந்து தோங்-கியின் மனைவி, யாரையும் பார்க்காமல், பதினோராம் மாதம் மூன்றாம் நாள் என்றாள். குழந்தைத் தோங்ஜி என்று இன்னொருத்தி சொன்னாள். அதுவரை முணுமுணுப்பாக இருந்தது இப்போது வெளியே வந்துவிட்டது. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் அண்டாவிலிருந்து விலகிப் பின்னால் நகர்ந்தார்கள்.

"எங்க வழக்கப்படி இன்னிக்கு இதப் பூசினா பிள்ளை சாகும்" என்றார் மூன்-கி. "உங்க கதைப்படி பூசினா பிழைக்கும். ரெண்டும் ஒரே ஞாபகம்னு நீங்கதான் சொன்னீங்க. சரி, வாசல்ல சிவப்பப் பாத்ததும் ஐயோ நம்ம பிள்ளை போச்சேன்னு நடுங்கற ஞாபகம் யாருக்கு இருக்கும்? பூசினவனுக்கா? பூசாம பிள்ளையப் பறிகொடுத்தவனுக்கா?"

கூ வாயைத் திறந்தார்.

"அப்ப நாங்க இஸ்ரவேல் இல்ல ஐயா. எகிப்துக்காரங்க. உங்க புத்தகத்துல எகிப்து ராஜாவோட படை மொத்தமும் கடல்ல முங்கிப் போச்சே, அதுல ஒருத்தர் மட்டும் தப்பிச்சு மிதந்து வந்திருக்கார். ஒற்றை ஆளா. எங்க கதைக்கும் சரியா இருக்கு."

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களில் ஒருவர்தான் முதலில் சிரித்தார். இரண்டு மாதம் தலையாட்டிய அதே கழுத்து இப்போது சிரிப்பில் ஆடியது. பிறகு எல்லாரும். மூன்-கி அந்தச் சிரிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்றுவரை ஒளியாக இருந்தவர்களுக்கு எகிப்தியராக மாற அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

கூவுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் விற்பனைக்காரனுக்கு உண்மை வாயில் வந்துவிடும். இந்தக் குழந்தைத் தோங்ஜியெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்றார். அப்படியானால் கஞ்சி மட்டும் என்ன என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், ஒளிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கலப்புப் பிள்ளைகளுக்கு என்று தொடங்கி, முன் வரிசையிலிருந்த துயெனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தினாலும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பிறகு கிளையைத் தோங்-கியிடம் கொடுக்கச் சொன்னார்.

தோங்-கி ஒரு அடி முன்னால் வைத்தான். அவன் மனைவி கோட்டுக்குள்ளிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பூசுங்க" என்றாள். "நல்லா பூசுங்க. பூசிட்டு அந்த ஐயா கூடவே இஞ்சோனுக்குப் போயிடுங்க. அங்க உங்களுக்கு யாரு சோறு போடறாங்கன்னு பாப்போம்."

தோங்-கி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவ்வளவுதான். ஓட்டு எடுக்கவில்லை. உறுதிமொழி எடுக்கலாமா என்று யாரும் கேட்கவும் இல்லை. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். மூவாயிரம் வருடத்துக் கோத்திரம் ஒரு அண்டாவைச் சுற்றி வெள்ளை அங்கியோடு தனியாக நின்றது.

மூன்-கி கோயில் கதவுகளைத் திறந்தார். துயென் பிட்டுத் தட்டோடும் குழந்தையோடும் படிக்குக் கீழே நின்றாள். அந்தக் கோயிலுக்குள் பெண்கள் போனதில்லை.

"நான் உள்ள வரலாமா மாமா?"

"பிள்ளை தானாவா நடந்து வரும்?"

அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, நிலைப்படி மேல் கால் படாமல் தாண்டி வந்தாள். மூன்-கி பிட்டைப் படைத்து, கோப்பையில் மது ஊற்றி, இரண்டு முறை விழுந்து வணங்கி, கல்லறை மேட்டில் வாசிக்கிற அதே குரலில் முன்னோருக்குச் செய்தி சொன்னார். உங்கள் மூத்த வீட்டில் ஒரு பேரன் பிறந்திருக்கிறான். இவன் தாய் தெற்கிலிருந்து கடல் தாண்டி ஒற்றையாக வந்தவள். இவன் பெயர் டான் வொன்-ஹே, தொலைவுக் கடல். ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே முற்றத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படிதான் அவர் சொன்னார்.

கூ அதற்குப்பின் இந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த மாவட்டத்தில் யூ குலத்தாரைப் பிடித்திருக்கிறாராம். அவர்கள் யூதா கோத்திரமாம். யூ என்று பெயர் வைத்தவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வியாபாரம் நன்றாக நடக்கும்.

வசந்தத்தில் புதுப் பதிப்புக்குப் பெயர் சேர்க்கத் தோங்-கிதான் வந்தான். குலச் செயலாளர் அவன்; எழுத வேண்டியது அவன் வேலை. மூன்-கி வேறு யாரையும் கூப்பிட்டிருக்கலாம். அவன் கையாலேயே எழுதட்டும் என்றுதான் அதுவரை காத்திருந்தார். தோங்-கி மண்டியிட்டு உட்கார்ந்து, 'ஹே' எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் போட்டான். சபைக்காரர்கள் விட்டுப்போன அண்டா இன்னும் தன் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது என்றும், மனைவி அதை அடுப்படிக்குள் விட மாட்டேன் என்கிறாள் என்றும், சந்தையில் எல்லாரும் தன்னை எகிப்து என்று கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னான். மூன்-கி கேட்டுக்கொண்டார்.

தாயின் பெயருக்குக் கீழே அவள் பூர்வீக ஊரை எழுத ஒரு இடம் உண்டு. அங்கே வந்ததும் தோங்-கியின் பேனா நின்றது.

"இங்க என்ன அண்ணே எழுதறது?"

மூன்-கி உள்ளே பார்த்துத் துயெனைக் கூப்பிட்டு அவள் ஊர்ப் பெயரைக் கேட்டார். கான் தோ என்றாள் அவள், கைவேலையை விடாமல்.

"கான் தோ" என்றார் மூன்-கி. "கவனமா எழுது தோங்-கி. சேறுன்னு எழுதிடாதே."